நூறு கோடிக்குக் கையெழுத்திடுபவர் ஒரு தொழிலாளிக்காகவும் கையெழுத்திட வேண்டும்: பாதுகாப்பு அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு பாதுகாப்பு அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம்.

எல்லைச் சாலைகள் அமைப்பின் (பிஆர்ஓ) தலைமை இயக்குநருக்குத் தங்கள் அமைச்சகம் ஒப்படைத்திருக்கும் அதிகாரங்களைப் பற்றி இந்த மடல். கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாலைப் பணிக்கும் இயந்திரக் கொள்முதலுக்கும் அவருக்கும் அவருக்குக் கீழே உள்ள தலைமைப் பொறியாளர்களுக்கும் தாராளமாக அதிகாரம் கொடுத்திருக்கிறீர்கள். அதே தாராளத்தை, அந்தச் சாலையைப் போடும் தினக்கூலித் தொழிலாளர்களின் தங்குமிடம், பாதுகாப்பு, விபத்து, மரணம் ஆகிய விஷயங்களிலும் காட்டுங்கள். மலையில் நிற்கும் அதிகாரியே அன்றைக்கே முடிவெடுக்கட்டும். டெல்லிக்குக் கோப்பு போய்த் திரும்பும்வரை ஒரு குடும்பம் காத்திருக்க வேண்டாம்.

நான் அரசு சாலைப் பணியில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். என் வேலை முழுக்கத் தமிழ்நாட்டில்தான். ஆனால் எஸ்டிமேட், நிர்வாக ஒப்புதல், தொழில்நுட்ப ஒப்புதல், ஒப்பந்தப்புள்ளி, பட்டியல் தொகை என்ற வரிசை கன்னியாகுமரியிலும் லடாக்கிலும் ஒன்றுதான். அந்த வரிசையில் எந்தப் படியில் கோப்பு நின்றால் தளத்தில் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியும். அந்த அறிவை வைத்துத்தான் எழுதுகிறேன்.

2017 ஜூலையில் நடந்தது நல்ல முடிவு. அதற்கு முன்பு பிஆர்ஓவின் ஒரு தலைமைப் பொறியாளர் ரூ.10 கோடி வரைதான் நிர்வாக ஒப்புதல் தரலாம். அதுவும் அமைப்பு தன் சொந்த ஆட்களை வைத்து நேரடியாகச் செய்யும் பணிகளுக்கு மட்டும். கூடுதல் தலைமை இயக்குநருக்கு ரூ.20 கோடி. ஒப்பந்தக்காரர் மூலம் செய்யும் வேலை என்றால் எல்லாக் கோப்பும் தலைமை இயக்குநரின் மேசைக்குத்தான் வர வேண்டும். அவருக்கே வரம்பு ரூ.50 கோடி. மலையில் ஒரு பாலமும் சில கிலோமீட்டர் சாலையும் சேர்ந்தாலே அந்தத் தொகை கரைந்துவிடும். புதிய ஆணையில் தலைமைப் பொறியாளருக்கு ரூ.50 கோடி, கூடுதல் தலைமை இயக்குநருக்கு ரூ.75 கோடி, தலைமை இயக்குநருக்கு ரூ.100 கோடி என்று வரம்பு உயர்ந்தது. நேரடிப் பணி, ஒப்பந்தப் பணி என்ற வேறுபாடும் போனது. ஒப்பந்தப்புள்ளியை ஏற்பதில் தலைமைப் பொறியாளருக்கு ரூ.100 கோடி வரையும், கூடுதல் தலைமை இயக்குநருக்கு ரூ.300 கோடி வரையும் அதிகாரம் வந்தது.

இயந்திரங்கள் விஷயத்தில் வந்த மாற்றம் இன்னும் பெரியது. உள்நாட்டு இயந்திரம் என்றால் ரூ.7.5 கோடி, இறக்குமதி என்றால் ரூ.3 கோடி என்றுதான் தலைமை இயக்குநரின் வரம்பு இருந்தது. யோசித்துப் பாருங்கள். சோஜி லா கணவாயில் பனியை வெட்டித் தள்ளும் இயந்திரங்கள் பலவற்றை ஒரே சமயத்தில் வாங்க வேண்டும் என்றால், நாட்டின் எல்லைச் சாலைகளுக்கெல்லாம் பொறுப்பேற்ற லெப்டினன்ட் ஜெனரல் ஒருவர் அமைச்சகத்தின் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டும். அந்த வரம்பு, உள்நாடு இறக்குமதி இரண்டுக்குமே, ரூ.100 கோடி ஆனது.

இந்த எண்களின் அருமை வெளியே இருப்பவர்களுக்கு அவ்வளவாகப் புரியாது. உயரமான கணவாய்களில் வேலைப் பருவம் சுமாராக மே முதல் அக்டோபர் வரைதான். ஏப்ரலில் வர வேண்டிய ஒப்புதல் ஆகஸ்டில் வந்தால் போனது நான்கு மாதம் இல்லை, ஒரு முழு ஆண்டு. ஆட்களைத் திரட்டி, இயந்திரத்தை ஏற்றி, தார் கலவை நிலையத்தை நிறுவுவதற்குள் பனி விழ ஆரம்பித்துவிடும். சமவெளியில் ஒரு கோப்பு தாமதமானால் மழைக்கு முன்பு முடிய வேண்டிய வேலை மழைக்குப் பின்பு முடியும், அவ்வளவுதான். அங்கே அப்படியில்லை.

தாமதத்தின் விலை என்ன என்பதை இந்தியக் கணக்குத் தணிக்கைத் துறைத் தலைவரின் 2017 அறிக்கை எடுத்து வைத்தது. சீன எல்லையை ஒட்டி பிஆர்ஓவிடம் ஒப்படைக்கப்பட்ட 61 சாலைகள், மொத்தம் 3,409 கிலோமீட்டர், 2012-க்குள் முடிந்திருக்க வேண்டும். 2012 மார்ச்சில் முடிந்திருந்தவை 15. அதற்குப் பிறகு நான்கு ஆண்டுகளில், அதாவது 2016 மார்ச் வரை, கூடுதலாக முடிந்தவை 7 மட்டுமே. ஆனால் ஒதுக்கிய பணத்தில் பெரும்பகுதி செலவாகிவிட்டது. அந்த அறிக்கை வெளிவந்த அதே ஆண்டில்தான் சீனாவுடன் டோக்லாம் எல்லைப் பிரச்சினை வந்தது, அதிகார வரம்புகளும் உயர்ந்தன. அப்புறம் வேகம் கூடியது உண்மை. 2020 அக்டோபர் 3 அன்று இமாசலத்தில் 9.02 கிலோமீட்டர் அடல் சுரங்கம் திறக்கப்பட்டது. 2021-இல் லடாக்கின் உம்லிங் லா கணவாயில் 19,024 அடி உயரத்தில் சாலை போட்டார்கள். 2024 மார்ச்சில் அருணாசலத்தின் சேலா சுரங்கம் திறக்கப்பட்டது. 2021-22-இல் ரூ.2,500 கோடியாக இருந்த மூலதன ஒதுக்கீடு 2025-26-இல் ரூ.7,146 கோடியைத் தாண்டியது. இந்தச் சாதனைகளை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஒரு பொறியாளனாக எனக்கு அவற்றில் பெருமை உண்டு.

ஆனால் கையெழுத்தின் வரம்பை உயர்த்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று அமைச்சகம் நம்பிவிடக் கூடாது. லடாக்கில் டர்புக்கிலிருந்து ஷியோக் வழியாக தௌலத் பேக் ஓல்டிக்குப் போகும் 255 கிலோமீட்டர் சாலையை நினைத்துப் பாருங்கள். முதலில் போட்டபோது அதன் பெரும்பகுதி ஷியோக் ஆற்றுப் படுகையை ஒட்டியே போனது. கோடையில் பனி உருகி ஆறு பெருகியதும் சாலை போய்விட்டது. திரும்பவும் பாதையை மாற்றி, மேலே ஏற்றி, 2019-இல்தான் முடித்தார்கள். அது பணமோ ஒப்புதலோ இல்லாததால் வந்த தாமதம் இல்லை. எங்கே சாலை போக வேண்டும் என்ற முடிவிலேயே வந்த பிழை. ஆற்றின் குணம் அந்தப் பள்ளத்தாக்கில் ஆடு மேய்ப்பவருக்குத் தெரியும். வரைபடத்தில் கோடு போடும் அதிகாரம் யாரிடம் இருந்தாலும், தளத்தை நடந்து பார்த்தவரின் சொல்லுக்கு அதில் இடம் இருக்க வேண்டும்.

அடல் சுரங்கத்திலும் இதே பாடம் வேறு விதமாக வந்தது. சேரி நாலா என்ற ஓடையின் கீழே 587 மீட்டர் நீளத்துக்கு நொறுங்கிய பாறையும் ஊற்றுத் தண்ணீரும் இருந்தன. அந்தக் கொஞ்ச தூரத்தைத் தாண்ட ஆண்டுக்கணக்கில் ஆனது. இன்று ஒரு மீட்டர் தோண்டலாமா, நாளைக்குத் தாங்கி வைத்துவிட்டுத் தோண்டலாமா என்பதைச் சுரங்கத்துக்குள் நிற்பவர்தான் முடிவு செய்ய முடியும். அதிகாரத்தை மேலிருந்து கீழே கொடுப்பதற்கு உண்மையான காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். தகவல் எங்கே இருக்கிறதோ அங்கே முடிவும் இருக்க வேண்டும்.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

இந்தச் சாலைகளைப் போடுபவர்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று, கிரெஃப் (பொது ரிசர்வ் பொறியாளர் படை) என்ற நிரந்தரப் படை. தமிழ்நாட்டிலிருந்தும் பிள்ளைகள் அதில் போய்ச் சேருகிறார்கள். அவர்களும் ஆயுதப் படைகளைச் சேர்ந்தவர்களே என்று 1983-இல் ஆர். விஸ்வன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ராணுவச் சட்டத்தின் ஒழுங்கு விதிகள் அவர்களுக்கும் பொருந்தும். அவர்களுக்கென்று குறைகள் இருந்தாலும் சம்பளம், ஓய்வூதியம், மருத்துவம் எல்லாம் ஏதோ ஒரு விதியின் கீழ் வருகிறது. இன்னொரு வகை, தற்காலிகக் கூலித் தொழிலாளர்கள். ஜார்க்கண்டின் தும்கா, சந்தால் பர்கானா பகுதிகளிலிருந்து தலைமுறை தலைமுறையாக லடாக்குக்கும் இமாசலத்துக்கும் போகிறார்கள். பருவத்துக்கு எடுக்கப்பட்டு, பருவம் முடிந்ததும் நிறுத்தப்படுகிறார்கள். அடுத்த ஆண்டு அதே ஆள் அதே கணவாய்க்கு மறுபடியும் புது ஆளாகப் போகிறார். கல் உடைப்பது, சுவர் கட்டுவது, பனி அள்ளுவது, கொதிக்கும் தாரை ஊற்றுவது எல்லாம் இவர்கள்தான்.

2020-இல் கொரோனா முடக்கத்தின்போது இவர்களைப் பற்றி நாடு கொஞ்சம் தெரிந்துகொண்டது. லடாக்கில் சிக்கிக்கொண்ட 60 பேரை ஜார்க்கண்ட் அரசு விமானத்தில் அழைத்து வந்தது. அதற்குப் பிறகு பிஆர்ஓ ஆட்கள் கேட்டபோது, இடைத்தரகர் வேண்டாம், கூலி நேரடியாகத் தொழிலாளியின் வங்கிக் கணக்குக்குப் போகட்டும் என்று அந்த மாநில அரசு நிபந்தனை வைத்தது. அந்த நிபந்தனையோடுதான் ஜூனில் தும்காவிலிருந்து சிறப்பு ரயில் கிளம்பியது. கூலி ஆளின் கையில் நேராகப் போய்ச் சேர வேண்டும் என்ற இந்த எளிய விஷயத்துக்கு ஒரு மாநில முதலமைச்சர் வரை வர வேண்டியிருந்தது. ஒரு திட்டத்தின் தலைமைப் பொறியாளரே இதை ஒரு சுற்றறிக்கையில் முடித்திருக்க வேண்டாமா?

அடுத்து நான் சொல்வதை, அமைச்சர் அவர்களே, தாங்கள் நன்றாக அறிவீர்கள், ஏனென்றால் அதில் கையெழுத்திட்டது தாங்கள்தான். 2023 செப்டம்பரில் ஒரு முன்மொழிவுக்கு ஒப்புதல் தந்தீர்கள். பணியின்போது இறந்த கூலித் தொழிலாளியின் உடலைப் பாதுகாத்து அரசு செலவில் ஊருக்கு அனுப்பும் வசதி அதுவரை கிரெஃப் ஊழியர்களுக்கு மட்டுமே இருந்தது. அதைக் கூலித் தொழிலாளிகளுக்கும் விரித்தீர்கள். பணியிடத்திலேயே இறுதிச் சடங்கு நடந்தால் தரும் தொகையை ரூ.1,000-லிருந்து ரூ.10,000 ஆக உயர்த்தினீர்கள். 2024 ஜனவரியில் அவர்களுக்கு ரூ.10 லட்சம் காப்பீட்டுத் திட்டத்துக்கும் ஒப்புதல் தந்தீர்கள். இரண்டுமே மனிதத்தன்மையுள்ள முடிவுகள். நன்றியோடுதான் இதை எழுதுகிறேன்.

ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். 2017-இலேயே ரூ.100 கோடிக்கு இயந்திரம் வாங்கலாம் என்று நம்பப்பட்ட ஒரு தலைமை இயக்குநர், 2023 வரை ஒரு தொழிலாளியின் ஈமச் சடங்குக்கு ரூ.1,000-க்கு மேல் தரவில்லை. மனசு இல்லாமல் இருந்திருக்காது. தருவதற்கு அவருக்கு அதிகாரம் இல்லை என்றுதான் எனக்குப் படுகிறது. ஆயிரம் ரூபாய்க்கு அந்த உயரத்தில் விறகு கூட வாங்க முடியாது. இறந்தவரின் தம்பியோ மச்சானோ அதே முகாமில் வேலை செய்வார். அவர்தான் கடன் வாங்கி எரித்துவிட்டு அடுத்த நாள் வேலைக்கு வருவார். இப்படி ஒரு நிலை இருந்ததென்றால், அதிகாரம் கீழே இறங்கியபோது ஒரு பக்கம் மட்டும் இறங்கியது என்பதைத்தான் அது காட்டுகிறது.

கொள்கை அளவில் ஒரு தொகையை நிர்ணயிப்பது அமைச்சகத்தின் வேலை, அதைக் கீழே கொடுக்க முடியாது என்று அதிகாரிகள் சொல்வார்கள். சரி, ஒத்துக்கொள்கிறேன். அடிப்படைத் தொகையைத் தாங்களே நிர்ணயியுங்கள். ஆனால் அதற்கு மேல், ஒரு வரம்பு வரை, நிலைமையைப் பார்த்துக் கூட்டித் தரும் அதிகாரம் தலைமைப் பொறியாளரிடம் இருக்கட்டும். விலைவாசி உயரும்போது தொகை தானாகவே உயரட்டும். அரசு ஊழியரின் அகவிலைப்படி ஆண்டுக்கு இரண்டு முறை உயர்கிறது. அதற்கு ஒவ்வொரு முறையும் யாரும் புதிதாக வாதாட வேண்டியதில்லை. கூலித் தொழிலாளியின் சாவுத் தொகைக்கு மட்டும் ஏன் ஒவ்வொரு முறையும் புதுக் கோப்பு?

பணத்தைவிட முக்கியமானது உயிர் போகாமல் தடுக்கும் அதிகாரம். 2025 பிப்ரவரி 28 அன்று உத்தராகண்டின் சமோலி மாவட்டத்தில், பத்ரிநாத்துக்கு அப்பால் உள்ள மானா அருகே பிஆர்ஓ பணிக்காக ஆட்கள் தங்கியிருந்த முகாமின்மேல் பனிச்சரிவு விழுந்தது. தூங்குவதற்கு அவர்களுக்கு இருந்தவை கன்டெய்னர் அறைகள். 54 பேர் சிக்கினார்கள். 46 பேரை ராணுவமும் மீட்புப் படையினரும் உயிரோடு மீட்டார்கள். 8 பேர் இறந்தார்கள். அந்த மீட்புப் பணி பாராட்டுக்குரியது. ஆனால் அதற்கு முந்தைய மாலையே, சமோலி உள்ளிட்ட மாவட்டங்களில் 2,400 மீட்டருக்கு மேலே பனிச்சரிவு அபாயம் உண்டு என்று எச்சரிக்கை வெளியாகியிருந்தது. எச்சரிக்கை தந்தது பனிச்சரிவை ஆராயும், சண்டிகரில் உள்ள டிஜிஆர்இ. அது டிஆர்டிஓவின் ஆய்வகம், அதாவது தங்கள் அமைச்சகத்தையே சேர்ந்தது. ஒரே அமைச்சகத்தின் ஒரு கை எச்சரிக்கிறது, இன்னொரு கையின் முகாமில் ஆட்கள் தூங்குகிறார்கள். இது முதல் தடவையும் இல்லை. 2021 ஏப்ரலில் அதே மாவட்டத்தின் நீதிப் பள்ளத்தாக்கில், சும்னா அருகே, பனிச்சரிவு ஒரு பிஆர்ஓ முகாமைத் தாக்கிப் பலர் இறந்தார்கள்.

எச்சரிக்கை வந்தவுடன் முகாமைக் காலி செய்யும்படி ஆணையிடுவது யாருடைய பொறுப்பு? அப்படிக் காலி செய்தால் நின்றுபோகும் வேலைக்கு யார் பதில் சொல்வார்? அந்த நாட்களுக்குக் கூலி உண்டா? ஒப்பந்தக்காரரின் ஆட்கள் என்றால் அவர்களுக்கும் அந்த ஆணை பொருந்துமா? இந்தக் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தளத்தில் இருக்கும் இளம் அதிகாரி என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். பாதை திறக்க வேண்டும் என்ற நெருக்கடி மேலிருந்து வந்துகொண்டே இருக்கும். வேலையை நிறுத்தினால் விளக்கம் கேட்பார்கள், நிறுத்தாவிட்டால் யாரும் கேட்க மாட்டார்கள். அவர் வேலையைத் தொடர்வார். அவரைக் குற்றம் சொல்லி என்ன பயன்? நிறுத்தும் அதிகாரத்தை அவருக்கு வெளிப்படையாகக் கொடுக்க வேண்டும். கொடுப்பதோடு, குறிப்பிட்ட அளவுக்கு மேலான எச்சரிக்கை வந்தால் நிறுத்துவது அவருடைய கடமை என்றும் எழுத வேண்டும். நிறுத்திய நாளுக்குக் கூலி உண்டு, ஒப்பந்தக் காலக்கெடு அந்த நாட்கள் அளவுக்கு நீட்டிக்கப்படும் என்று சேர்த்து எழுதினால்தான் அது நடக்கும். கூலி போகும் என்றால் தொழிலாளியே இறங்க மாட்டார்.

முகாம் எங்கே அமைய வேண்டும் என்பதும் இப்படித்தான். சாலையின் ஒவ்வொரு மீட்டருக்கும் மண் பரிசோதனை கேட்கிறோம். நூறு பேர் தூங்கும் இடத்துக்குப் பனிச்சரிவுப் பரிசோதனை கேட்கிறோமா? டிஜிஆர்இயிடம் சரிவுகளின் வரைபடங்கள் உண்டு. முகாம் அமைக்கும் முன் அவர்களிடமிருந்து ஒரு தாள் வாங்க வேண்டும் என்று விதித்தால் பெரிய செலவு ஒன்றும் ஆகாது. அதைக் கோரவும், சரியில்லை என்றால் முகாமை மாற்றவும் தலைமைப் பொறியாளருக்கு யாரையும் கேட்காமல் செலவிடும் அதிகாரம் வேண்டும். ரூ.50 கோடி சாலைக்குச் சொந்தமாக ஒப்புதல் தருபவருக்கு இது பெரிய தொகையே இல்லை.

அதிகாரம் கூடினால் முறைகேடும் கூடும் என்ற அச்சம் நியாயமானது. சாலைப் பணியில் இருந்தவன் நான், அதை மறுக்க மாட்டேன். கொடுத்த அதிகாரத்தை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பதை ஆண்டுதோறும் வெளியில் சொல்ல வைப்பதுதான் அதற்கு மருந்து. எந்தத் திட்டத்தில் எத்தனை தொழிலாளர்கள், எத்தனை பேர் இறந்தார்கள், எதனால், இழப்பீடு எத்தனை நாளில் போய்ச் சேர்ந்தது, எச்சரிக்கையின்பேரில் எத்தனை நாள் வேலை நின்றது. சாலை எங்கே போகிறது என்ற ராணுவ விவரம் இதில் எதுவும் இல்லை. எனவே ரகசியம் என்ற காரணம் இங்கே பொருந்தாது. எத்தனை கிலோமீட்டர் முடிந்தது, எத்தனை பாலம் திறந்தது என்று பெருமையோடு அறிவிக்கிறோம். அந்தப் பட்டியலுக்குப் பக்கத்திலேயே இதுவும் வரட்டும்.

மலையின் மேல் வைக்கும் அதிகாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2023 ஜனவரியில் உத்தராகண்டின் ஜோஷிமட்டில் வீடுகள் விரிசல் விட்டபோது ஹேலாங் புறவழிச் சாலையில் பிஆர்ஓவின் வேலையை மாவட்ட நிர்வாகம் நிறுத்த வேண்டியிருந்தது. விரிசலுக்குக் காரணம் இந்தச் சாலைப் பணிதானா என்பதில் வல்லுநர்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால் ஊர் மக்கள் சொல்லும்வரை நிறுத்தாமல் இருக்கும் நிலை வரக் கூடாது. உள்ளூர் மக்களைக் கேட்டு, தானே பணியை நிறுத்தி ஆய்வு செய்யும் பொறுப்பும் தலைமைப் பொறியாளரின் அதிகாரப் பட்டியலில் ஏற வேண்டும்.

இன்னொன்று, தலைமை இயக்குநர்களும் தலைமைப் பொறியாளர்களும் இரண்டு மூன்று ஆண்டுகளில் மாறிவிடுகிறார்கள். ராணுவத்தில் அது வழக்கம். ஆனால் ஒரு கணவாய்ச் சாலை முடிய எட்டு பத்து ஆண்டுகள் ஆகும். ஒப்புதல் தந்தவர் ஒருவர், முடிப்பவர் வேறொருவர், விபத்து நடக்கும்போது பதில் சொல்ல வருபவர் மூன்றாமவர். முக்கியமான திட்டங்களிலாவது தலைமைப் பொறியாளருக்கு நீண்ட பதவிக் காலம் கொடுங்கள். ஷியோக் ஆற்றின் கதை அடுத்தடுத்து வருகிறவர்கள் ஒவ்வொருவருக்கும் புதிதாகத் தெரிய வேண்டிய கதையாக இருக்கக் கூடாது.

1960 மே 7 அன்று பிஆர்ஓ தொடங்கியது முதல் இந்த நாட்டின் விளிம்புகளை நடுவோடு சேர்த்தவர்கள் இந்தத் தொழிலாளர்கள். 2015-இல் அமைப்பு முழுவதுமாகத் தங்கள் அமைச்சகத்தின் கீழ் வந்தது. எனவே இப்போது நான் கேட்பதற்கு இன்னொரு அமைச்சகத்தின் சம்மதம் பெரிதாகத் தேவைப்படாது. 2017-இல் செய்தது போலவே அதிகாரப் பட்டியலைத் திருத்தி ஓர் ஆணை பிறப்பித்தால் போதும். கூலித் தொழிலாளர் நலன் என்று அதில் ஒரு தனித் தலைப்பு வேண்டும். வேலைப் பருவம் மே மாதம் தொடங்கும். அதற்குள், தும்காவிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் ஆட்கள் ரயில் ஏறும் முன்பே, அந்த ஆணை ஒவ்வொரு திட்ட அலுவலகத்துக்கும் போய்ச் சேரட்டும். அதன் பிரதி இந்தியிலும் சந்தாலியிலும் ஒவ்வொரு முகாமின் வாசலிலும் ஒட்டப்படட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சாலைப் பொறியாளர் ஒருவர்,
தமிழ்நாடு